பேட்டரி பாவம், அதை விட்டுவிடுங்கள்

ரவாங் பக்கம் குவாட் பைக் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. சனி ஞாயிறுகளில் சேற்றில் இறக்கி ஆட்டம் போட்டுவிட்டு, திங்கட்கிழமை கழுவி மூடி வைப்பவர்கள் ஒரு ரகம். குவாங், குண்டாங், செரண்டா பக்கம் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்துக்கொண்டு, லோரி நுழைய முடியாத வரிசைகளிலிருந்து குலைகளை இழுத்துவர அதை ஓட்டுபவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகம் எப்போதும் டயரைப் பற்றிப் பேசும். இரண்டாவது ரகம் எப்போதும் பேட்டரியைப் பற்றிப் பேசும். என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், இரண்டாவது ரகம்.

"தம்பி, மறுபடியும் பேட்டரி கோங். போன மாசம்தான் புதுசு போட்டேன். கடைக்காரன் டூப்ளிகேட் மாலைக் கொடுத்துட்டான் போல" என்று அவர் போன் செய்தார். அதே வாரம் கனடாவிலிருந்து சித்தப்பா மகனும் வாட்ஸ்அப்பில் வந்தான். ஒண்டாரியோவில், டொரோண்டோவுக்கு வடக்கே, ஊருக்கு வெளியே வீடு. வாசலிலிருந்து ரோடு வரைக்கும் நீளமான பாதை. குளிர்காலத்தில் குவாட்டின் முன்னால் இரும்புத் தகடு மாட்டிப் பனியைத் தள்ளுகிறான். "அண்ணே, தள்ள ஆரம்பிக்கும்போது நல்லா இருக்கு. முடிக்கிறப்போ ஸ்டார்ட்டர் 'டக் டக்'னு மட்டும் சொல்லுது. பேட்டரி மாத்தட்டுமா?"

ஒருவருக்கு முப்பத்து மூன்று டிகிரி வெயில். இன்னொருவனுக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது. வண்டி வேறு, வேலை வேறு, தட்பவெப்பம் நேரெதிர். ஆனால் நோய் ஒன்றுதான். இருவருக்கும் நான் சொன்ன பதிலும் ஒன்றுதான்: பேட்டரியை மாற்றாதீர்கள், முதலில் மீட்டரை எடுங்கள். இதை விரிவாக எழுதச் சொல்லி இன்னும் சிலர் கேட்டதால் இந்தப் பதிவு.

வரவும் செலவும்

பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேர்த்து மட்டும்தான் வைக்கும். பேங்க் கணக்கில் சம்பளம் விழாமல் காசை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் கணக்கு காலியாகும். அதற்காக யாரும் பேங்கை மாற்றுவதில்லை. பேட்டரி விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் செய்கிறோம்.

வரவு எங்கிருந்து வருகிறது? இஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள், ஆயிலில் நனைந்தபடி, செம்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம் அசையாமல் இருக்கும். அதுதான் ஸ்டேட்டர். நம் ஊர் போர்மேன்கள் 'காயில்' என்றே சொல்வார்கள். அதைச் சுற்றி, கிராங்க்கோடு சேர்ந்து, நிலைக்காந்தம் பதித்த சக்கரம் சுழலும். சுற்றச் சுற்ற ஏசி மின்சாரம் பிறந்து மூன்று மஞ்சள் வயர்கள் வழியாக வெளியே வரும். ரெகுலேட்டர் ரெக்டிபையர் என்ற அலுமினியப் பெட்டி அதை டிசியாக்கி, 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு, பேட்டரிக்கு அனுப்பும். காரின் ஆல்டர்னேட்டரில் காந்தத்தின் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். குவாட்டில் அந்த வசதி கிடையாது. காந்தம் எப்போதும் ஒரே பலம். ஆகவே வரவை முடிவு செய்வது ஒன்றே ஒன்று, இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது.

கணக்கு இங்கேதான் இடிக்கும். வேலை செய்யும் குவாட்டில் 300 வாட் ஸ்டேட்டர் என்று வைத்துக்கொள்வோம். 14 வோல்ட்டில் அது சுமார் 21 ஆம்பியர். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் அது இஞ்சின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது. சும்மா ஓடும் நிலையில் பாதிகூடத் தேறாமல் போகலாம். அந்தப் பாதியில் இக்னிஷன், பெட்ரோல் பம்ப், ஹெட்லைட், சூடேறினால் ரேடியேட்டர் விசிறி எல்லாம் பங்கு கேட்கும். அதற்கு மேல் நாமாக ஒரு 120 வாட் எல்இடி பார் மாட்டியிருந்தால், அது ஒன்றே ஒன்பது ஆம்பியர் தின்னும். மிச்சம் பூஜ்ஜியம், அல்லது அதற்கும் கீழே.

இப்போது வின்ச்சைச் சேருங்கள். பாரம் முழுதாக ஏறினால் சின்ன குவாட் வின்ச்சே நூறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எந்த ஸ்டேட்டராலும் அதைக் கொடுக்க முடியாது. மொத்தமும் பேட்டரியிலிருந்துதான் போகும். வடிகாலில் சாய்ந்த டிரெய்லரை ஒரு நிமிடம் அப்படி இழுத்தால் கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர் ஹவர் செலவு. 12 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் அது ஏழில் ஒரு பங்கு. மிச்சமாக ஐந்து ஆம்பியர் உள்ளே போனால்கூட, அந்த ஒரு நிமிடத்தை ஈடுகட்ட இருபது இருபத்தைந்து நிமிடம் ஓட்ட வேண்டும்.

பனி தள்ளுபவனுக்கும் இதே கதை. தகட்டை ஏற்றி இறக்குவது வின்ச்தான். முன்னால் போய்த் தள்ளு, தகட்டைத் தூக்கு, பின்னால் வா, இறக்கு, மறுபடி தள்ளு. ஒவ்வொரு தூக்கலும் சில நொடிதான். ஆனால் நூறு அடி பாதையை முடிப்பதற்குள் எத்தனை தூக்கல்! வண்டி முழு நேரமும் மெதுவாக ஊரும், பாதி நேரம் நின்ற இடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கைப்பிடி ஹீட்டர் வேறு எரியும். வேலை முடிந்ததும் வண்டி நேராகக் கொட்டகைக்குப் போய்விடும். ஈடுகட்டும் ஓட்டமே இல்லை. மச்சான் வண்டியும் அப்படியே. மரத்துக்கு மரம் நின்று நின்று போகும், எங்கும் இஞ்சின் வேகமெடுக்காது.

குளிர் செய்வதும் வெயில் செய்வதும்

குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகிவிடும். மைனஸ் 18 டிகிரியில் ஈய பேட்டரியின் இழுக்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அந்தக் குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு இஞ்சின் கூடுதல் பலம் கேட்கும். போதாக்குறைக்கு இன்னொன்று: முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி எளிதில் உறையாது, ஆனால் முழுதும் இறங்கிய பேட்டரி மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்துவிடும். உறைந்தால் கூடு வெடிக்கும், தகடு வளையும். அதற்குப் பிறகு குப்பைதான்.

வெயில் அவ்வளவு வெளிப்படையாகக் கெடுக்காது. நம் ஊரில் பேட்டரி காலையில் சுறுசுறுப்பாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொதுக்கணக்கு. சும்மா வைத்திருந்தாலும் சூட்டில் தானாகவே வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் கிடக்கக் கிடக்க, தகட்டில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுக் கொள்ளளவு திரும்பாது. ஆகவே ஒண்டாரியோவில் பேட்டரி ஒரே இரவில் காலை வாரும், ரவாங்கில் ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இரண்டு இடத்திலும் பழி கடைக்காரன் மேல் விழும்.

நம் ஊருக்கு இது புதிதல்ல

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் இடம் கோலாலம்பூர் அல்ல, ரவாங். ஆண்டு 1894. தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஜெனரேட்டர் வைத்தவர்கள் இருவர்: சீன முதலாளி லோக் யூ, நம்மவர் கா. தம்புசாமிப் பிள்ளை. பத்துமலை முருகன் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். செந்தூலில் அவர் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது.

ஈயச் சுரங்கத்தின் பெரிய எதிரி தண்ணீர். தோண்டத் தோண்ட ஊறும். இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஈயமண்ணை எடுக்க முடியும். பம்ப் ஓட வேண்டும், அதற்கு ஜெனரேட்டர் சுற்ற வேண்டும். அதன் சுற்று நின்றால் மின்சாரமும் அப்போதே நின்றுவிடும். கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு விளக்கு வந்தது அடுத்த ஆண்டு, 1895இல்.

உங்கள் குவாட்டின் மூடிக்குள் இருக்கும் அந்தக் காயிலும் வேலை செய்வது அதே விதியில்தான். காந்தம், செம்புக் கம்பி இரண்டில் ஒன்று நிற்க, மற்றது சுற்ற வேண்டும், அவ்வளவே. வித்தியாசம், குவாட்டில் சுற்றின் வேகம் நம் கட்டை விரலில் இருக்கிறது. விரல் தளர்ந்தால் வரவும் தளரும். நூற்றுமுப்பது ஆண்டுக்கு முன்னால் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்ட ஊரில் இருந்துகொண்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பேட்டரி கடைக்கு ஓடுவது நமக்கு அழகல்ல.

மீட்டர் சொல்லும் வரிசை

ஐம்பது வெள்ளிக்குள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். வரிசை முக்கியம். நடுவில் தாவினால் குழம்பிப் போவீர்கள்.

முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, கழற்றி, ஒரு ராத்திரி சும்மா வையுங்கள். காலையில் 12.7, 12.8 காட்டினால் ஆரோக்கியம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழுதாக ஏற்றியும் ஒரே ராத்திரியில் 12.4க்குக் கீழே வந்திருந்தால், அந்த பேட்டரி முடிந்தது. நன்றாக இருந்தால் வண்டியில் மாட்டி, ஸ்டார்ட்டரை அழுத்தும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குப் பலம் இல்லை. மீட்டர் ஊசியை வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். முதலில் பேட்டரியின் ஈயமுனை மேலேயே வையுங்கள். பிறகு அதில் மாட்டிய வயர் கண்ணியின் மேல் வையுங்கள். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் வந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பூத்திருக்கிறது. சிரிஷத்தாளில் தேய்த்து இறுக்கினாலே போதும், செலவு பத்து சென்கூட இல்லை.

அடுத்தது, வரவு பேட்டரி வரைக்கும் வருகிறதா? இஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். சும்மா ஓடும்போது 13 சொச்சம் இருந்தால் சரி. கொஞ்சம் முறுக்கி மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் வைத்தால் 13.8 முதல் 14.6 வரை வர வேண்டும். முறுக்கியும் 12.5லேயே அசையாமல் நின்றால் வரவே இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பேட்டரியை அவித்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஹெட்லைட், எல்இடி பார், விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். முக்கால்வாசிப் பேர் இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். பாரம் இல்லாதபோது எல்லா வண்டியும் யோக்கியன்தான்.

ஒரு எச்சரிக்கை. இஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து, 'நிக்காம ஓடுது, அப்போ சார்ஜிங் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும் பழைய கைகள் இன்னும் உண்டு. அது டைனமோ காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி ரெகுலேட்டரையும் இசியூவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

வரவு வரவில்லை என்றால் ஸ்டேட்டர். மூன்று மஞ்சள் வயர் போகும் சாக்கெட்டைக் கழற்றி, மீட்டரை ஏசியில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று முறை அளந்து பாருங்கள். வண்டிக்கு வண்டி எண் மாறும், அதை சர்வீஸ் புத்தகத்தில் பார்க்க வேண்டும். சில ஆயிரம் சுற்றில் ஐம்பதுக்கு மேல் காட்டுவது சகஜம், ஆகவே விரலை வைத்துவிடாதீர்கள். எண்ணைவிட முக்கியம், மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எதுவாவது குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டு ஓம்ஸில் வைத்தால், வயருக்கு வயர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். எந்த மஞ்சள் வயருக்கும் இஞ்சின் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

ஸ்டேட்டர் நன்றாக இருந்து பேட்டரிக்கு மட்டும் வரவு இல்லை என்றால், நடுவில் இருக்கும் ரெகுலேட்டர், அல்லது அதன் வயர்கள். பெரும்பாலான குவாட்களில் இந்தப் பெட்டி மிச்ச மின்சாரத்தைத் தனக்குள்ளேயே ஷோர்ட் செய்து சூடாக்கிக் கழிக்கும். அதனால்தான் அதற்கு அலுமினியச் செதில்கள். காற்று பட்டால்தான் அது பிழைக்கும். நம் ஊர் செம்மண் சேறு அந்தச் செதில்களுக்கிடையே அடைத்துக் காய்ந்தால், பெட்டி வெந்து போகும். பனி ஊரில் காற்று குளிர்ச்சிதான், ஆனால் பனித் தகட்டைத் தாங்கும் சட்டமோ சாமான்களோ அதை மறைக்கும். குவாட்டைக் கழுவும்போது டயருக்குக் காட்டும் பாசத்தில் பாதியையாவது அந்தப் பெட்டிக்குக் காட்டுங்கள்.

கடைசியாக, திருட்டுச் செலவு. சாவியை எடுத்துவிட்டு, மீட்டரை ஆம்பியரில் வைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் இணையுங்கள். சில மில்லியாம்பியர் சகஜம். ஐம்பது காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் போகிறது என்று பொருள். 12 ஆம்பியர் ஹவர் பேட்டரி பத்தே நாளில் சுத்தமாகக் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஆள் சிக்கிவிடும். நேரடியாக பேட்டரியில் ஒட்டிய ஜிபிஎஸ், யூஎஸ்பி சாக்கெட், வின்ச்சின் கன்டாக்டர், இவைதான் வழக்கமான சந்தேக ஆட்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டரையோ வின்ச்சையோ தொட்டுவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் பறந்துவிடும்.

மச்சான் வண்டியில் கிடைத்தது

பேட்டரி நல்ல பேட்டரிதான். முழுதாக ஏற்றி வைத்ததும் மறுநாள் காலை 12.7. கடைக்காரர் நிரபராதி. இஞ்சினை ஓடவிட்டு முறுக்கினால் 13.4. குறைவு, ஆனால் கேள்வி கேட்க வைக்கும் அளவுக்கு மட்டும் குறைவு. ஹெட்லைட்டைப் போட்டதும் 12.6க்கு இறங்கியது. ஸ்டேட்டர் பக்கம் மூன்று அளவும் ஒன்றாக, உயரமாக வந்தன. காயில் நலம். ரெகுலேட்டரைத் தொட்டால், சூடாக இருக்க வேண்டியது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதற்கே போதிய மின்சாரம் போகவில்லை என்று அர்த்தம்.

"அப்போ நடுவுலதான் எங்கயோ போகுது மச்சான்."

"நடுவுல என்ன இருக்கு, வயர்தானே?"

வயர்தான். சீட்டுக்குக் கீழே, டேப் சுற்றிய கட்டுக்குள், மூன்று மஞ்சள் வயரும் சேரும் வெள்ளை பிளாஸ்டிக் சாக்கெட். இரண்டு துளைகள் வெள்ளையாக இருந்தன. மூன்றாவதின் விளிம்பு பழுப்பேறி உருகி, உள்ளே இருந்த பித்தளைப் பின் கறுத்து, அதில் நுழையும் மஞ்சள் வயர் ஒரு அங்குலத்துக்கு விறைத்து, வளைத்தால் தோல் நொறுங்கியது. சேற்றுத் தண்ணீர் புகுந்து பின் பூத்திருக்கிறது. பூத்ததால் தடை கூடி, தடை கூடியதால் சூடாகி, சூடு ஏற ஏற இன்னும் பூத்திருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றி அளந்தபோது இந்தக் கோளாறு தெரியாததற்கும் காரணம் உண்டு. அந்தச் சோதனையில் எரிந்த பின் வழியாக மின்சாரம் போகவே இல்லை. மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் கேட்ட இடத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மிச்சத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரிந்த பகுதியை வெட்டி, மூன்று வயரையும் ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினோம். அடுத்த அளவு 14.2. எல்லா விளக்கையும் போட்டும் 13.7.

ஒண்டாரியோ வண்டிக்கு

தம்பி வண்டியில் எல்லா எண்ணும் சரியாக வந்தன. எதுவும் கெடவில்லை. அவன் செய்யும் வேலை அவன் வண்டியின் வரவை மீறியது, அவ்வளவுதான். ஆகவே மருந்து பழக்கத்தில் இருந்தது. தகட்டைத் தூக்கும்போது நியூட்ரலில் கொஞ்சம் முறுக்கிக்கொள். பகலில் தள்ளினால் கூடுதல் விளக்கை அணை. தகட்டைத் தேவைக்கு மேல் உயரமாகத் தூக்காதே. வேலை முடிந்து கொட்டகைக்குப் போனதும் தானாக நிறுத்திக்கொள்ளும் சின்ன சார்ஜரை மாட்டிவிடு. பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். 12க்கு 1.2. கார் சார்ஜரைப் பத்து ஆம்பியரில் போட்டு அவசரப்பட்டால் அந்தச் சின்ன பேட்டரி கொதித்துவிடும். வின்ச் வேலை நிறைய இருந்தால், இடம் இருக்கும் பட்சத்தில் பெரிய பேட்டரி போடலாம். ஆனால் பெரிய பேட்டரி தாக்குப்பிடிக்கும் நேரத்தைத்தான் கூட்டும், வரவைக் கூட்டாது.

"லித்தியம் போட்டா தீருமா அண்ணே?" என்று கேட்டான். எடை குறைவு, இழுப்பு பலம், எல்லாம் உண்மை. ஆனால் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். பனி தள்ளும் வண்டி வேலை செய்வதே அந்தக் குளிரில்தான். அவனுக்கு ஏஜிஎம் ஈய பேட்டரியே உத்தமம். ரவாங்கில் அந்தத் தொல்லை இல்லை, லித்தியம் போடலாம். ஆனால் ரெகுலேட்டர் 14.6ஐத் தாண்டவில்லை என்று அளந்து உறுதி செய்த பிறகு.

எல்லாச் சோதனையும் முடிந்து, பேட்டரிதான் செத்தது என்று தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள். வாங்கும்போது கூட்டில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். கடையில் ஒரு வருடம் தூங்கியதை வாங்காதீர்கள். அங்கேயே மீட்டரை வைத்துப் பாருங்கள், தாவ்கே முறைத்தால் முறைக்கட்டும். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடவோ, கொல்லையில் கிடத்தவோ வேண்டாம். ஈய பேட்டரி நம் சுற்றுச்சூழல் சட்டத்தில் எஸ்டபிள்யூ 102 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். பேரம் பேசிக் கழிக்கச் சொல்லுங்கள்.